மூளைக்குப் போன சிறுநீர் மாத்திரை

மருந்தியல் வகுப்பில் சிறுநீர்ப் பாதைக் கிருமிநாசினிகளுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஹெக்ஸமீன், நைட்ரோஃபியூரன்டாயின், நாலிடிக்ஸிக் அமிலம் என்று மூன்று நான்கு பெயர்கள். வாயில் போட்டால் உடலுக்குள் போகும். ரத்தத்தில் பெரிதாகத் தங்காது. சிறுநீரகம் வடித்துவிடும். சிறுநீரில் செறிவாகச் சேர்ந்து அங்குள்ள கிருமியை அடக்கும். நுரையீரலிலோ மூளையிலோ தொற்று என்றால் இவற்றைத் தொடவே கூடாது. தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும்.

சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரும் பல ஆண்டுகள் இதே பாடத்தை எடுத்தவர். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். அவருடைய வேலைநாள் சிறுநீர்க் குப்பிகளோடு தொடங்கும். கம்பி வளையத்தால் தொட்டு மெக்கான்கி தட்டில் இழுப்பார்கள். இரவு முழுக்க இன்குபேட்டரில் இருந்து, காலையில் இளஞ்சிவப்பாக ஈ.கோலை முளைத்திருந்தால் அதை இன்னொரு தட்டில் பரப்பி மருந்து வட்டுகளை வைப்பார்கள். அடுத்த நாள், வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வளையத்தை ஸ்கேலால் அளந்து, மருந்து கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

“மேடம், கோட்ரை மறுபடியும் ஆர்.” பயிற்சி மருத்துவர்களிடமிருந்து அவர் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கோட்ரை என்பது கோட்ரைமாக்ஸசோல். மருந்துக் கடையில் செப்ட்ரான், பாக்ட்ரிம். 1960களின் இறுதியில் வந்து, சிறுநீர்த் தொற்றுக்கு உலகமெங்கும் எழுதித் தள்ளப்பட்ட மாத்திரை. அந்த அளவுக்குப் பயன்படுத்தினால் கிருமி பழகிக்கொள்ளாமல் என்ன செய்யும்? அவர் மேசைக்கு வந்த தட்டுகளில் கோட்ரை வட்டை ஒட்டிக்கொண்டே ஈ.கோலை வளர்ந்திருக்கும். பக்கத்திலேயே 1950களில் வந்த பழைய நைட்ரோஃபியூரன்டாயின் வட்டு, தன்னைச் சுற்றி நல்ல வளையத்தோடு உட்கார்ந்திருக்கும்.

அதே மேசைக்கு எச்.ஐ.வி. வார்டின் சாம்பிள்களும் வரத் தொடங்கியபோது கோட்ரையைப் பற்றிய அவர் எண்ணம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஆய்வகங்கள், அதுவரை பாடப்புத்தகப் படங்களில் மட்டுமே பார்த்திருந்த கிருமிகளை நேரில் பார்க்கத் தொடங்கின. எதிர்ப்பாற்றல் நன்றாக இருக்கும்வரை வாலாட்டாமல் கிடந்து, அது சரிந்ததும் தலையெடுக்கும் இத்தொற்றுகளைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்கிறது மருத்துவம். வார்டில் சுருக்கமாக ஓ.ஐ.

தண்டுவட நீரில் ஒரு சொட்டு இந்தியா மையைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்புப் பின்னணியில் ஒளிவட்டம் போட்டுக்கொண்டு கிரிப்டோகாக்கஸ் காளான் நிற்கும். நுரையீரல் கழுவிய நீரை வெள்ளிச் சாயத்தில் தோய்த்தால் நியூமோசிஸ்டிஸ் கூடுகள் நசுங்கிய பந்துகளாகக் கறுத்துத் தெரியும். அந்த நோயாளியின் அட்டையைப் புரட்டினால் அதில் எழுதியிருக்கும் மருந்து கோட்ரைமாக்ஸசோல்! சிறுநீர்த் தட்டில் தினமும் தோற்கும் அதே மாத்திரை. ஈ.கோலை அதை வென்றுவிட்டது. நியூமோசிஸ்டிஸால் பெரும்பாலும் முடியவில்லை. ஃபோலேட் தயாரிக்கும் பாதையில் அடுத்தடுத்த இரண்டு படிகளை அந்த மாத்திரை அடைக்கிறது. அந்தப் பாதை இருக்கும் கிருமி எந்த உறுப்பில் குடியிருந்தாலும் மருந்துக்கு ஒன்றுதான். பயிற்சி மருத்துவர்களிடம் அவர் இதை அழுத்திச் சொல்வார்: மருந்துக்குத் துறை பிரித்தது நாம்தான்.

இந்தப் பிரிவினைக்குக் கொடுக்கப்பட்ட விலையை அவர் வகுப்பில் சொல்லும்போது குரல் உயரும். மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்பாற்றல் இழந்த 160 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1977-ல் வெளியானது. பாதிப் பேருக்குக் கோட்ரைமாக்ஸசோல், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்ட 80 பேரில் 17 பேருக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்தது. மருந்து சாப்பிட்ட 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. மருத்துவ ஆய்வில் இவ்வளவு துலக்கமான முடிவு அபூர்வம்.

நான்கு ஆண்டு கழித்து, 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அதே நிமோனியா வந்த செய்தியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டது. எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை அது. அந்த மையத்தில் பென்டமிடின் என்ற அரிய மருந்தை அனுப்பிவைக்கும் பொறுப்பில் இருந்தவர் சாண்ட்ரா ஃபோர்டு. வழக்கத்துக்கு மாறாக அந்த மருந்தைக் கேட்டுக் கோரிக்கைகள் குவிவதைக் கவனித்து மேலதிகாரியிடம் சொன்னவர் அவர்தான். மருந்துக் கிடங்கின் பதிவேடே ஒரு கொள்ளைநோயை முன்கூட்டிக் காட்டியது. ஆனால் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இந்த நிமோனியா வராமலே தடுக்க மருந்து தரலாம் என்று அமெரிக்க அரசு அதிகாரபூர்வமாக வழிகாட்டியது 1989-ல். எய்ட்ஸோடு வாழ்ந்த பாடகர் மைக்கேல் காலன் 1987-லேயே அரசின் உயர்மட்ட விஞ்ஞானிகளை நேரில் பார்த்து இதற்காக மன்றாடியிருந்தார். எய்ட்ஸ் நோயாளிகளிடம் தனியாகச் சோதித்த ஆதாரம் வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். குழந்தைப் புற்றுநோய் வார்டில் தெரிந்த ஒன்று எய்ட்ஸ் வார்டுக்கு வர 12 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அந்த நிமோனியாவில் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். சாம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளுக்கு இதே மலிவு மருந்தைத் தினமும் கொடுத்த ஆய்வு 2004-ல் வெளிவந்தபோது, மரணங்கள் 43 சதவீதம் குறைந்திருந்தன.

கோட்ரைமாக்ஸசோலின் கதை தெரிந்தவர்களுக்கு நைட்ராக்ஸோலின் கதை ஆச்சரியமாக இருக்காது, ஆறுதலாக இருக்கும்.

இந்தியப் பாடப்புத்தகங்களில் நைட்ராக்ஸோலினுக்கு இடம் குறைவு. 1960களிலிருந்து ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்குப் புழங்கிவரும் மாத்திரை அது. பிரான்ஸில் நிபியோல் என்றும், ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் 5-நோக் என்றும் பெயர். வழக்கமான அளவு 250 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடையாது. புதிய ஆன்டிபயாட்டிக்குகள் வந்தபின் ஐரோப்பாவிலும் மங்கிக் கிடந்தது. எதிர்ப்புச் சக்தி பெற்ற ஈ.கோலை பெருகியதும் மருத்துவர்கள் மறுபடி தேடி எடுத்தார்கள். 466 பெண்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ம் ஆண்டுப் பகுப்பாய்வு, ஒப்பிட்ட மற்ற மருந்துகளுக்கு இது சளைத்ததில்லை என்று காட்டியது. ஜெர்மனியின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல், சாதாரணச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு முதல் வரிசை மருந்துகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

இது வேலை செய்யும் விதம் தனி. பள்ளி வேதியியலில் கொடுக்கு இணைப்பு என்று படிப்போமே, அதுதான். நைட்ராக்ஸோலின் மூலக்கூறு இரும்பு, மக்னீசியம், மாங்கனீசு, துத்தநாகம் போன்ற உலோக அயனிகளைக் கவ்விக்கொள்கிறது. கிருமியின் நொதிகள் பலவற்றுக்கு இந்த உலோகங்கள் இல்லாமல் வேலை ஓடாது. பாக்டீரியா, காளான், அமீபா எல்லாவற்றுக்கும் உலோகம் வேண்டும் என்பதால் இந்த மருந்தின் வீச்சு சிறுநீர்ப் பையோடு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கதீட்டர்களில் படியும் சூடோமோனாஸ் படலத்தை இது தளர்த்துவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அலைக்கழிக்கும் காண்டிடா ஆரிஸ் என்ற காளானும் ஆய்வகத்தில் குறைந்த அளவு மருந்துக்கே அடங்கியது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜுன் லியூவின் குழு, புற்றுக்கட்டிக்குப் புது ரத்தக் குழாய் முளைப்பதை இது தடுக்கிறது என்று 2010-ல் எழுதியது. அதைத் தொடர்ந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு இதைச் சோதிக்கச் சீனாவில் ஒரு நிறுவனம் இறங்கியது.

இந்த மாத்திரையை மூளை வரை இழுத்துச் சென்ற பாலமூத்தியா மான்ட்ரிலாரிஸ் என்ற அமீபாவின் கதை 1986-ல் தொடங்குகிறது. சான் டியேகோ விலங்குப் பூங்காவில் மான்ட்ரில் குரங்கு ஒன்று மூளை அழற்சியில் இறந்தது. அதன் மூளையிலிருந்து இந்த அமீபாவைப் பிரித்தெடுத்தவர் சி.டி.சி.யில் பணியாற்றிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கோவிந்த விஸ்வேஸ்வரா. பெர்க்லியின் ஒருசெல் உயிரியல் அறிஞர் வில்லியம் பாலமூத்தின் நினைவாக 1993-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் உயிர் இது. தோல் புண் வழியாகவோ சுவாசத்தோடோ உள்ளே வந்து, மெல்ல மூளைக்குப் போகிறது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் செய்தியான, நன்னீரிலிருந்து மூக்கு வழியே ஏறிச் சில நாளில் கொல்லும் நெக்லேரியா வேறு, இது வேறு. இது வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில், கட்டி போலவும் காசநோய் போலவும் வேடமிட்டு ஏமாற்றும். ஆரோக்கியமானவர்களையும் இது பிடிக்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆபத்து அதிகம். 2009-ல் மிசிசிப்பியில் இறந்த ஒரு சிறுவனின் சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் இந்த அமீபா போய்ச் சேர்ந்தது. உறுப்பு நிராகரிக்கப்படாமலிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள். ஒருவர் இறந்தார். உலகம் முழுவதும் பதிவானவை ஏறத்தாழ 200 நோயாளிகள். பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் டெரிசி ஆய்வகத்துக்கு இந்த அமீபா ஏற்கெனவே அறிமுகம். 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் தண்டுவட நீரிலுள்ள மரபணுத் துணுக்குகளை எல்லாம் படித்து அமீபாவைக் கண்டுபிடித்த குழுவில் அதே பல்கலைக்கழகத்தவரும் இருந்தார்கள். சிறுமி பிழைக்கவில்லை. 2015-ல் வெளியான அந்தக் கட்டுரையோடு அமீபாவின் மரபணு வரைவும் வந்தது. பிறகு டெரிசி ஆய்வகத்தின் மேத்யூ லாரியும் சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலோ பிற நாடுகளிலோ மனிதப் பயன்பாட்டுக்கு வந்த 2,177 மருந்துகளை ஒவ்வொன்றாக அமீபா மீது சோதிப்பது.

சொல்லும்போது எளிது. ஆய்வக வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பாடு புரியும். மற்ற தனிவாழ் அமீபாக்களைப் போல் ஈ.கோலையைத் தூவி பாலமூத்தியாவை வளர்க்க முடியாது. மனித, விலங்குச் செல்களையோ தனிப்பட்ட ஊடகத்தையோ கொடுத்துப் பராமரிக்க வேண்டும். வளர்ச்சியும் மந்தம். மருந்து அமீபாவைக் கொல்லுகிறதா என்பதோடு மனித செல்லை விட்டுவைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செத்ததாகத் தோன்றும் அமீபா கடினமான கூட்டுக்குள் சுருண்டு, மருந்து போனதும் எழுந்து வருகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

நம் மருத்துவரை இந்த ஆய்வின் கட்டுரையில் பிடித்து நிறுத்தியது இந்தக் கடைசிச் சோதனைதான். மருந்தைக் கழுவியெடுத்த பின்னும் காத்திருந்து பார்த்தவர்களை நம்பலாம் என்பது அவர் அனுபவம்.

2018-ல் வெளியான முடிவு இது: அத்தனை மருந்துகளில் மேலெழுந்து நின்றது நைட்ராக்ஸோலின். அமீபாவைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்பட்ட செறிவு 2.84 மைக்ரோமோலார், லிட்டருக்கு அரை மில்லிகிராமைவிடச் சற்றே அதிகம். அப்போது இந்த நோய்க்குக் கொடுத்துவந்த மருந்துகள் பலவற்றைவிட இது கணிசமாகக் குறைந்த அளவு. ஆய்வகத்தில் வளர்த்த மனித மூளைத் திசுவின் மேல் அமீபாவை விட்டபோது, மருந்து இருந்த கிண்ணத்தில் திசு அழியாமல் நின்றது. கூட்டிலிருந்து மீண்டு வருவதும் தள்ளிப்போனது. தேர்வுக்குப் படித்த பழைய பாடத்துக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். நைட்ரோஃபியூரன்டாயினைப் போல் ரத்தத்தில் கைக்கெட்டாமல் போகும் மருந்து அல்ல இது. வழக்கமான மாத்திரை அளவிலேயே அமீபாவுக்குத் தேவையானதைவிட அதிகமாக ரத்தத்தில் எட்டக்கூடும் என்பதால்தான் ஆய்வாளர்களுக்கு நம்பிக்கை வந்தது.

மூன்று ஆண்டுகள் அது ஆய்வகச் செய்தியாகவே இருந்தது.

2021-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் 54 வயதுக்காரர் ஒருவர் வலிப்போடு மருத்துவமனைக்கு வந்தார். எம்.ஆர்.ஐ.யில் மூளையில் ஒரு கட்டி, சுற்றிலும் வீக்கம். திசு எடுத்துப் பார்த்ததில் பாலமூத்தியா. வழக்கப்படி எல்லா மருந்துகளும் ஒன்றாக ஆரம்பிக்கப்பட்டன. தூக்க நோய்க்கு வந்த பென்டமிடின் அதில் ஒன்று. 1981-ல் சாண்ட்ரா ஃபோர்டின் கையால் போன அதே மருந்து. பீகாரின் காலா அசார் நோய்க்குப் பயன்படும் மில்டெஃபோசின் இன்னொன்று. அது முதலில் புற்றுநோய்க்காக உருவானது. கூடவே காளான் மருந்துகள், சல்ஃபா, மேக்ரோலைடு. இவ்வளவையும் ஓர் உடல் தாங்காது. சிறுநீரகம் கெட்டது, பக்க விளைவுகள் கூடின, நோயும் தீரவில்லை.

அவருக்குச் சிகிச்சை அளித்த, சான் ஃபிரான்சிஸ்கோ கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழுவில் தொற்றுநோய் மருத்துவராக இருந்த நடாஷா ஸ்பாட்டிஸ்வுட் பழைய கட்டுரைகளைத் துழாவியபோது 2018-ம் ஆண்டு ஆய்வு கண்ணில் பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு! அமெரிக்கச் சந்தையில் இல்லாத மருந்து என்பதால் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் அவசர அனுமதி கேட்டு வாங்கினார்கள். மருந்து சீனாவிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகப் பெண்கள் சிறுநீர் எரிச்சலுக்கு விழுங்கிய மாத்திரை, மூளை அமீபாவுக்காக ஒரு மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் தேறத் தொடங்கினார். பின்பு வீட்டுக்கும் போனார், மருந்துகளைத் தொடர்ந்துகொண்டே. 2023 ஜனவரியில் இந்த அனுபவம் கட்டுரையாக வெளியானது.

இங்கே நிதானம் வேண்டும் என்கிறார் நம் மருத்துவர். குணமானவர் ஒருவர். அவர் உடம்பில் நைட்ராக்ஸோலினுடன் வேறு மருந்துகளும் இருந்தன. பிழைக்கவைத்தது எது என்பதற்கு அறுதியான நிரூபணம் இல்லை. உலகெங்கும் சேர்த்தே 200 பேருக்கு வந்த நோயில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று ஆய்வு நடத்தவும் முடியாது, நடத்தவும் கூடாது. ஹியூஸின் 17-க்கு 0 போன்ற கணக்கு இந்த நோய்க்குக் கிடைக்கப் போவதில்லை. ஆய்வகக் கிண்ணம், மூளைத் திசு, ஒரு மனிதர், அடுத்து இன்னொருவர் என்று படிப்படியாகச் சேரும் சான்றுகளை வைத்தே முடிவெடுத்தாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை இந்த மருந்தின் குடும்பத்திலிருந்து வருகிறது. நைட்ராக்ஸோலின் ஒரு ஹைட்ராக்ஸி குயினோலின். வயிற்றுப்போக்குக்கு ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளிலும் புழங்கிய என்டரோகுயினால் மாத்திரைக்குள் இருந்த கிளியோகுயினாலும் இதே குடும்பம். ஜப்பானில் கிளியோகுயினாலை அதிக அளவில், நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் மரத்தன, நடை போனது, சிலருக்குப் பார்வையும் போனது. பத்தாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட அந்த நோய்க்கு ஸ்மான் என்று பெயர். காரணம் புரியாமல் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, நோயாளிகளின் நாக்கிலும் சிறுநீரிலும் தெரிந்த பச்சை நிறம் வழிகாட்டியது. இரும்பைக் கவ்விய கிளியோகுயினாலின் நிறம் அது. 1970 செப்டம்பரில் ஜப்பான் அதன் விற்பனையை நிறுத்தியது. நைட்ராக்ஸோலினால் அப்படி ஒரு பேரிடர் நேர்ந்ததில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்கு அதைச் சாப்பிடுவது சில நாட்கள். மூளை அமீபாவுக்கு மாதக்கணக்கில். கிருமியைப் பட்டினி போடும் அதே உலோகக் கவ்வல் நம் நரம்புகளிடம் என்ன செய்யும் என்று ஒவ்வொரு நோயாளியிடமும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கால் மரக்கிறதா, கண் மங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதச் சொல்கிறார்.

ஓய்வுக்குப் பிறகும் முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க அவரை அழைக்கிறார்கள். சிறுநீர்ப் பாதைக் கிருமிநாசினிகளுக்கு இப்போது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். பெயர்களை விட்டுவிட்டு, கரும்பலகையில் ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கேள்விகள் எழுதுகிறார்: கிருமியின் எந்த வேலையை நிறுத்துகிறது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு நிற்கிறது, மூளைக்குள் எவ்வளவு போகிறது. ஹெக்ஸமீன் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். அமிலச் சிறுநீரில் மட்டுமே அது உடைந்து ஃபார்மால்டிஹைடைத் தரும் என்பதால் வேறெங்கும் பயனில்லை. நைட்ரோஃபியூரன்டாயின் இரண்டாவதில் நிற்கும். நைட்ராக்ஸோலின் மூன்றாவது வரை வரும். மூளைக்குள் எட்டும் அளவு எவ்வளவு என்ற இடத்தில் மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, வெளியான ஆய்வுகளைத் தேடிப் படிக்கச் சொல்கிறார்.

ஆய்வகத்தில் அவர் விட்டுவந்த வழக்கம் ஒன்று இன்னும் தொடர்கிறது. காரணம் பிடிபடாத மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீர் வந்தால் அதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்திலேயே வைத்து, உடனடியாக ஒரு சொட்டைக் கண்ணாடியில் இட்டு, அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பாலமூத்தியா அந்த நீரில் அபூர்வமாகவே அகப்படும் என்பதால், ஒன்றும் தெரியாவிட்டாலும் வார்டுக்குப் போன் போட்டு, தோலில் ஆறாத தழும்போ புண்ணோ இருக்கிறதா, தோட்ட வேலை, மண் வேலை உண்டா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறாரா, எச்.ஐ.வி. பார்த்தாயிற்றா என்று கேட்டு ரிப்போர்ட்டின் அடியில் எழுதி அனுப்புகிறார்கள்.